ஸ்கீ தேர்வும் பைண்டிங் பொருத்தும் இடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனிச்சரிவில் சறுக்கும் ஸ்கீ வாங்கப் போகிறவர்களும், வாங்கிய பிறகு, காலில் போடும் பூட்டை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பைண்டிங்கை எங்கே பொருத்துவது என்று குழம்புகிறவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன். போகப்போகச் சிக்கலான விஷயங்கள் வரும். புதிதாக வருபவர்கள் வரிசையாகப் படித்தால் எளிது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கீ தேர்வும் பைண்டிங் இடமும் ஒரே முடிவின் இரண்டு பாதிகள். ஒரு ஸ்கீயை வடிவமைப்பவர் பூட் எங்கே நிற்கும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் மற்றதையெல்லாம் வரைகிறார். அந்த இடத்தை ஸ்கீயில் ஒரு கோடாகக் குறித்திருப்பார்கள். ஆகவே பிடித்த ஸ்கீயை வாங்கிவிட்டு பைண்டிங்கை நகர்த்திச் சரிசெய்யலாம் என்று நினைக்காமல், உங்கள் ஓட்டத்துக்கு ஏற்ற கோடு உள்ள ஸ்கீயையே தேடுங்கள். கீழே வரும் பல பதில்கள் சுற்றிச்சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

ஸ்கீ மேல "128-98-118, ஆர் 18"னு போட்டிருக்கு. இதுல நான் எதைப் பார்க்கணும்?

முதல் மூன்று எண்களும் மில்லிமீட்டரில் அகலம். முன்பகுதியின் மிக அகலமான இடம் 128, பூட் நிற்கும் பகுதியின் இடுப்பு 98, வால் பக்கம் 118. ஆர் 18 என்பது ஸ்கீயின் பக்கவாட்டு வளைவு எந்த வட்டத்தின் துண்டோ, அந்த வட்டத்தின் ஆரம்: 18 மீட்டர். முதலில் இடுப்பு அகலத்தைப் பாருங்கள், அப்புறம் ஆரத்தை.

ஆரம் 18 என்றால் அந்த ஸ்கீ 18 மீட்டர் வட்டத்தில் மட்டும்தான் திரும்பும் என்று அர்த்தம் இல்லை. ஓரத்தில் எவ்வளவு சாய்க்கிறீர்களோ, அவ்வளவுக்கு ஸ்கீ வளைந்து வட்டம் சிறிதாகும். கெட்டியான பனியில் 60 டிகிரி சாய்த்தால் கணக்குப்படி ஆரம் பாதியாகி 9 மீட்டருக்கு வந்துவிடும். ஆகவே இந்த எண்ணை, ஸ்கீ தானாக விரும்பும் திருப்பம் எது என்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள். 11 முதல் 13 மீட்டர் என்றால் சின்னச் சின்னத் திருப்பங்கள். 15 முதல் 19 வரை பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். 20-ஐத் தாண்டினால் வேகமான நீண்ட வளைவுகளுக்கு. ஒரே மாடலில் நீளம் கூடினால் ஆரமும் கூடும், அதனால் நீங்கள் வாங்கும் நீளத்துக்கு உரிய எண்ணைப் பாருங்கள்.

எனக்கு 172 செ.மீ. உயரம். எத்தனை நீளம் எடுக்கணும்?

முகவாயிலிருந்து உச்சந்தலை வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். தொடக்கத்துக்கு அது போதும், ஆனால் ஸ்கீக்கு உங்கள் உயரம் தெரியாது, எடைதான் தெரியும். உங்கள் உயரமே உள்ள ஒருவர் 60 கிலோ, இன்னொருவர் 90 கிலோ என்றால் இருவருக்கும் ஒரே நீளம் சரிவராது. எடை கூடினால், வேகம் கூடினால், புதுப்பனி அதிகம் என்றால் நீளத்தைக் கூட்டுங்கள். இப்போதுதான் கற்கிறீர்கள், அல்லது குறுகிய திருப்பங்களும் மரங்களுக்கிடையே ஓட்டமும் பிடிக்கும் என்றால் குறைக்கலாம்.

முன்னும் பின்னும் ராக்கர், அதாவது மேல்நோக்கிய வளைவு, உள்ள ஸ்கீயில் கெட்டிப் பனியைத் தொடும் நீளம் குறைவு. அதனால் அதே ஆள், நடு எழும்பிய கேம்பர் ஸ்கீயில் எடுப்பதைவிட 5 முதல் 10 செ.மீ. கூடுதலாக எடுக்கலாம். நெருக்கமாக நட்ட கம்பங்களைச் சுற்றித் திரும்பும் ஸ்லாலம் பந்தயத்தின் ஸ்கீ இதற்கு நேர் எதிர். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் விதிப்படி மேல்மட்டப் போட்டிகளில் ஆண்களின் ஸ்லாலம் ஸ்கீ குறைந்தது 165 செ.மீ., பெண்களுடையது 155 செ.மீ. இருக்க வேண்டும். ஆறடி உயர வீரர்களும் அந்த 165-ஐத்தான் எடுக்கிறார்கள், ஏனென்றால் அந்த ஓட்டத்துக்கு நீளம் தேவையில்லை. ஓட்டம்தான் நீளத்தை முடிவு செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

இடுப்பு அகலம் எவ்வளவு இருந்தா எல்லாத்துக்கும் ஒரே ஜோடி போதும்?

எல்லாவற்றுக்கும் என்று ஒன்று கிடையாது. அதிக நாள் எதில் ஓட்டுகிறீர்களோ அதற்கு வாங்குங்கள். இயந்திரம் சீர்செய்த கெட்டியான சரிவில்தான் பெரும்பாலும் என்றால் 65 முதல் 80 மி.மீ. அந்தச் சரிவும் சீர்செய்யாத வெளிப்பனியும் கலந்து என்றால் 85 முதல் 100. மென்மையான பனி தேடிப் போகிறவர் என்றால் 100 முதல் 115. அதற்கு மேல் ஆழமான பவுடருக்கு, அதாவது பொடிபோன்ற புதுப்பனிக்கு, மட்டும்.

கெட்டிப் பனியில் அகலமான ஸ்கீ ஏன் சோர்வு தருகிறது? ஓரம் பனியைக் கடிக்கும் இடம் காலின் நடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகிறது. சாய்த்துப் பிடித்திருக்க கணுக்காலும் முழங்காலும் அந்தத் தூரத்துக்கு எதிராக விடாமல் வேலை செய்ய வேண்டும். 70 மி.மீ. ஸ்கீயில் நாள் முழுக்க ஓட்டிவிட்டு, அடுத்த நாள் 110-இல் அதே சரிவில் இறங்கினால் மாலையில் முழங்காலின் உட்பக்கம் உங்களுக்கே சொல்லிவிடும். கடையில் ஏதாவது புதுப்பனி நாளைக் கற்பனை செய்துகொண்டு 108 வாங்கிவிட்டு, வருடம் முழுக்க ஐஸ் மாதிரியான சரிவில் அதோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கேம்பர், ராக்கர் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? எது நல்லது?

ஸ்கீயைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி மேலே எழும்பி நின்றால் அது கேம்பர். நீங்கள் ஏறி நிற்கும்போது அது தட்டையாகி, எடையை முனைக்கும் வாலுக்கும் பகிர்ந்து அனுப்புகிறது. அதனால் ஓரம் முழு நீளத்துக்கும் பிடிக்கும். முனையோ வாலோ முன்கூட்டியே மேல்நோக்கி வளையத் தொடங்கினால் அது ராக்கர். அது பனிக்கு மேலே மிதக்க உதவும், திருப்பத்தைத் தொடங்குவதையும் எளிதாக்கும்.

ராக்கர் பரவலானதற்கு ஸ்கீ வீரர் ஷேன் மெக்காங்கி முக்கியக் காரணம். 2000-களின் தொடக்கத்தில் வோலன்ட் நிறுவனம் வெளியிட்ட அவருடைய ஸ்பாட்யூலா, நடு தாழ்ந்து இரு முனையும் உயர்ந்த ஸ்கீ. அதன் இடுப்பு முனைகளைவிட அகலமானது. நீர்ச்சறுக்கு ஸ்கீயின் வடிவம்தான் தூண்டுதல். ஆழ்பனியில் அற்புதம், கெட்டிச் சரிவிலோ கிட்டத்தட்ட ஓட்டவே முடியாது. இன்று கிடைக்கும் பெரும்பாலான ஸ்கீகள் அந்தத் துணிச்சலைக் கொஞ்சம் அடக்கி, பூட்டின் கீழே கேம்பரும் முனையில் ராக்கரும் வைத்திருக்கின்றன. முதல் ஜோடி வாங்குகிறவருக்கு நான் இந்தக் கலவையைத்தான் சொல்வேன்.

விறைப்பான ஸ்கீதான் தரமானதா?

இல்லை. விறைப்பு என்பது வேகத்துக்கும் எடைக்கும் வேண்டியது, தரத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. உள்ளே உலோகத் தகடு வைத்த ஸ்கீ வேகத்தில் அதிராது, ஆனால் அதை வளைக்க உங்களுக்கு எடையோ வேகமோ இருக்க வேண்டும். வளைக்க முடியாத ஸ்கீ திரும்பாது.

மவுன்ட் பாயின்ட், மவுன்ட் பாயின்ட்னு சொல்றாங்களே, அது எங்க இருக்கு?

பூட்டின் கீழ் ஓட்டின் பக்கவாட்டில், அடிப்பாகத்தின் சரி நடுவில் ஒரு சின்னக் கோடு வார்த்திருக்கும். ஸ்கீயின் மேல்பரப்பிலோ பக்கச் சுவரிலோ இன்னொரு கோடு இருக்கும். இரண்டு கோடுகளும் நேருக்கு நேர் வரும்படி பைண்டிங்கைப் பொருத்துவதுதான் தொழிற்சாலை சொல்லும் இடம். பூட் நடுவை வைத்துத்தான் கணக்கு. பைண்டிங்கின் முன்துண்டு எங்கே வரும் என்பது பூட்டின் நீளத்தைப் பொறுத்து மாறும்.

"மைனஸ் 9", "மைனஸ் 3"ங்கறாங்க. எதிலிருந்து மைனஸ்?

ஸ்கீயின் உண்மையான நடுவிலிருந்து. மைனஸ் 9 என்றால் பூட்டின் நடு, ஸ்கீயின் நடுவைவிட 9 செ.மீ. வால் பக்கம் தள்ளி நிற்கிறது. சிலர் இதையே தொழிற்சாலைக் கோட்டிலிருந்தும் சொல்வார்கள்: "மைனஸ் 1 வைத்தேன்" என்றால் கோட்டுக்கு 1 செ.மீ. பின்னால். யாராவது எண் சொன்னால் எதிலிருந்து அளந்தது என்று முதலில் கேளுங்கள். இந்தக் குழப்பத்தால் துளை போட்ட பிறகு திண்டாடுகிறவர்கள் உண்டு.

நீங்களே அளந்துவிடலாம். வாலில் டேப்பை மாட்டி, ஸ்கீயின் வளைவோடு ஒட்டாமல் முனைவரை நேராக இழுத்துப் பிடியுங்கள். 184 என்று அச்சடித்த ஸ்கீயில் 182.6 செ.மீ. வருகிறது என்று வையுங்கள். அச்சில் இருக்கும் எண்ணுக்கும் நேர்கோட்டு அளவுக்கும் இப்படி ஒன்று இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் சாதாரணம். அதில் பாதி 91.3. இப்போது வாலிலிருந்து கோடு வரை அளந்தால் 81.8. கழித்தால் 9.5. ஆக இந்த ஸ்கீயின் கோடு மைனஸ் 9.5. இரண்டு ஸ்கீகளையும் தனித்தனியாக அளந்து பாருங்கள், ஜோடிக்குள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு சென்டிமீட்டர் முன்ன பின்ன போனா நிஜமாவே தெரியுமா?

நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்குத் தெரியும். 2 செ.மீ. என்றால் எல்லோருக்கும் தெரியும். முன்னால் நகர்த்தினால் உங்களுக்கு முன்னே இருக்கும் ஸ்கீ குறைகிறது: நின்ற இடத்தில் சுழற்றுவது எளிது, திருப்பம் சட்டென்று தொடங்கும், பின்பக்கமாக ஓட்டுவது சமநிலையாக இருக்கும். பதிலுக்கு வால் நீண்டுவிடும். திருப்பத்தின் முடிவில் அதை விடுவிப்பது கடினம், வேகத்தில் முனை படபடக்கும், ஆழ்பனியில் முனை மூழ்கும்.

பின்னால் நகர்த்தினால் இதற்கு எதிர். முன்னே நீளம் கூடுவதால் வேகத்தில் நிதானம், பனியில் மிதப்பு, வால் எளிதாக வழுக்கிவிடும். ஆனால் முன்பகுதியை அழுத்தித் திருப்பத்தைத் தொடங்க இன்னும் உழைக்க வேண்டும். சிறிய இடங்களில் ஸ்கீ கனமாகத் தோன்றும். இன்னொன்றும் நடக்கிறது, பலர் கவனிப்பதில்லை: இடுப்பு குறுகும் இடம், கேம்பர் எழும்பும் இடம், விறைப்பு கூடும் இடம் எல்லாம் கோட்டை மனதில் வைத்து வரையப்பட்டவை. நீங்கள் நகரும்போது அவை நகர்வதில்லை. 1 செ.மீ. வரை ஸ்கீ பொறுத்துக்கொள்ளும். 2-க்கு மேல் போனால், வடிவமைத்தவர் நினைத்த ஸ்கீயை நீங்கள் ஓட்டவில்லை.

சரி, எந்த ஸ்டைலுக்கு எங்க வைக்கணும்?

கார்விங் (ஓரத்தில் சாய்ந்து வழுக்காமல் திரும்புவது), பந்தயம்: இவற்றுக்கான ஸ்கீகளின் கோடு பெரும்பாலும் மைனஸ் 10-ஐத் தாண்டிப் பின்னால் இருக்கும். பல ஸ்கீகளில் பைண்டிங் தண்டவாளத்தோடே வரும், இடம் முன்பே முடிவாகியிருக்கும். அதை விட்டுவிடுங்கள். பூட்டின் முன்பக்கத்தைக் காலால் அழுத்தி, முனையை வளைத்து, வால் வரை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போகிற ஓட்டத்துக்கு இந்த இடம்தான் வேலை செய்யும்.

மலை முழுக்க எல்லா வகைப் பனியிலும் ஓட்டுகிறவர்கள்தான் உண்மையில் யோசிக்க வேண்டியவர்கள். இங்கே இரண்டு குணமுள்ள ஸ்கீகள் கிடைக்கின்றன. மைனஸ் 8 முதல் 12 வரை கோடுள்ளவை முன்நோக்கி ஓட்டவே பிறந்தவை. முழங்காலை முன்னே தள்ளி, முனையை நம்பி ஓட்டுகிறவருக்கு. மைனஸ் 4 முதல் 7 வரை உள்ளவை விளையாட்டுத்தனமானவை. உடம்பை நேராக, நடுவில் வைத்து, கணுக்காலால் சுழற்றி, வழியில் கிடைக்கும் சின்ன மேடுகளில் எல்லாம் குதித்து ஓட்டுகிறவருக்கு. நடுவில் நிற்கிறவர் மைனஸ் 11 ஸ்கீயில் ஏறினால் முனை எங்கோ அலைவதுபோல இருக்கும். முன்னே அழுத்துகிறவர் மைனஸ் 5 ஸ்கீயில் ஏறினால் முனை மடங்கி முன்னே கவிழ்வதுபோல இருக்கும். இரண்டு பேரும் "ஸ்கீ சரியில்லை" என்பார்கள், ஆனால் ஸ்கீயில் குறை இல்லை. வாங்குவதற்கு முன் நண்பரிடம் நீங்கள் ஓட்டுவதைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். திருப்பத்தின் தொடக்கத்தில் உங்கள் இடுப்பு பூட்டுக்கு மேலேயா, முன்னேயா என்று பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

தாவுவதற்கென்றே மேடுகள் அமைத்த பார்க்கில் தாவிச் சுழல்கிறவர்கள் நடுவிலிருந்து மைனஸ் 3 வரை வைக்கிறார்கள். சுழலும்போது இரு பக்க எடையும் சமமாக இருக்கும், பின்பக்கமாகத் தரையிறங்க வால் நீளம் கைகொடுக்கும். மோகல் மேடுகளில் ஓட்டுபவர் கோட்டிலேயே வைக்கலாம். சுழற்ற இன்னும் எளிதாக வேண்டும் என்றால் 1 செ.மீ. முன்னால், அதற்கு மேல் வேண்டாம், நீண்ட வால் அடுத்த மேட்டில் இடிக்கும். ஏறி இறங்கும் டூரிங்குக்கும் கோடுதான். கொஞ்சம் முன்னால் வைத்தால், ஏறும்போது ஒவ்வொரு காலாகத் தூக்கித் திசை மாற்றும் கிக் டர்னில் வால் தாழ்ந்து முனை எளிதாக எழும்பும் என்பது உண்மை, ஆனால் இறங்கும்போது ஆழ்பனியில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

என் ஸ்கீல ரெண்டு மூணு கோடு இருக்கு. எதை எடுக்கறது?

சில நிறுவனங்கள் பொதுவான இடம், ஃப்ரீஸ்டைல் (தாவிச் சுழலும் ஓட்டம்) இடம் என்று இரண்டைக் குறிக்கின்றன. சில, நீண்ட ஒரு கோடும் அதன் இருபுறமும் சின்னக் கோடுகளும் போடுகின்றன. நீண்டது பரிந்துரை, மற்றவை நகர்த்தலாம் என்று நிறுவனமே ஒப்புக்கொள்ளும் எல்லை. தெளிவாகத் தெரியவில்லை என்றால் மேலே "மைனஸ்" கேள்விக்கான பதிலில் சொன்னபடி அளந்து, ஒவ்வொரு கோட்டின் எண்ணையும் கண்டுபிடித்துவிட்டு, உங்கள் ஓட்டத்தோடு ஒப்பிடுங்கள். முடிவு வரவில்லையென்றால் பரிந்துரைக் கோடு.

நான் எப்பவும் பின்னாடி சாஞ்சே ஓட்றேன். பைண்டிங்கை முன்னாடி வச்சா சரியாகுமா?

ஆகாது. எடை குதிகாலில் இருந்தால், பைண்டிங் எங்கே இருந்தாலும் குதிகாலில்தான் இருக்கும். முன்னே நகர்த்தினால் வால் இன்னும் நீளமாகி, பின்னால் சாய்ந்து நிற்பதற்கு வசதியான மேடையே கிடைத்துவிடும்.

பூட்டைப் பாருங்கள். பெரிதாக இருந்தால் கால் உள்ளே வழுக்கும், உடம்பு தானாகப் பின்வாங்கும். விறைப்பு அதிகமானால் கணுக்கால் மடங்காது, இடுப்பு பின்னே போகும். சிலருக்குக் கணுக்கால் மடங்கும் அளவே குறைவு. அவர்களுக்குக் குதிகாலின் கீழே சின்ன உயரம் வைத்தால் வித்தியாசம் பெரிது. பூட் சரியாகி, ஒரு பயிற்சியாளரிடம் சில மணி நேரம் ஓட்டிய பிறகும் பிரச்சினை இருந்தால் பைண்டிங்கைப் பற்றிப் பேசலாம். அந்த நிலைக்கு வருகிறவர்கள் மிகக் குறைவு.

புதுப்பனியில முனை மூழ்குது. பின்னால நகர்த்தட்டுமா?

முதலில் எங்கே பொருத்தியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். கோட்டுக்கு முன்னால் இருந்தால் கோட்டுக்குக் கொண்டுவருவது நியாயம். கோட்டிலேயே இருந்தால் 1 செ.மீ. பின்னால் கொஞ்சம் உதவும். ஆனால் பெரும்பாலும் ஸ்கீதான் உங்கள் எடைக்குக் குறுகலாகவோ குட்டையாகவோ இருக்கும், அல்லது வேகம் போதாது. ஆழ்பனியில் வேகம் இல்லாமல் எதுவும் மிதக்காது. உடம்பைப் பின்னே தள்ளி மிதக்க வைப்பது பழைய குறுகலான ஸ்கீ காலத்துப் பழக்கம். தொடை எரியும், பலன் குறைவு.

எனக்குக் கால் ரொம்பப் பெருசு. கோடு எனக்கும் அதேதானா?

இது நல்ல கேள்வி. கோடு பூட்டின் நடுவைத்தான் பார்க்கிறது, ஆனால் நாம் ஸ்கீயை ஓட்டுவது பெரும்பாலும் பெருவிரல் அடியிலுள்ள முன்பாதத்தால். பூட் அடி நீளம் 285 மி.மீ. உள்ளவருக்கும் 335 மி.மீ. உள்ளவருக்கும் நடு ஒரே இடத்தில் நின்றால், பெரிய பூட்டின் முனை 25 மி.மீ. முன்னே நிற்கும், முன்பாதமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு, சற்றுக் குறைவாக, முன்னே போகும். அதனால் மிகப் பெரிய கால் உள்ள சிலர் அரை அல்லது ஒரு சென்டிமீட்டர் பின்னால் வைப்பதும், மிகச் சிறிய கால் உள்ளவர்கள் அதே அளவு முன்னால் வைப்பதும் உண்டு. நடுத்தர அளவில் இருப்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பெண்கள் ஒரு சென்டிமீட்டர் முன்னால வைக்கணும்னு சொல்றாங்களே?

பெண்களுக்கென்று வடிவமைத்த பல ஸ்கீகளில் அந்த நகர்வைத் தொழிற்சாலையே கோட்டில் சேர்த்திருக்கும். அதற்கு மேலும் முன்னால் வைத்தால் ஒரே திருத்தத்தை இரண்டு முறை செய்ததாகிவிடும். பொது ஸ்கீ வாங்கினால், பெண் என்பதற்காக நகர்த்தாதீர்கள். மேலே சொன்ன கால் அளவும் ஓட்டமும்தான் காரணமாக இருக்க வேண்டும்.

முடிவு எடுக்க முடியல. நகர்த்தற மாதிரி பைண்டிங் இருக்கா?

இருக்கிறது. வாடகைக் கடைகளில் வைத்திருக்கும் டெமோ பைண்டிங் தண்டவாளத்தின் மேல் முன்னும் பின்னும் நகரும். கொஞ்சம் எடை கூடும், பூட் சற்று உயரத்தில் நிற்கும். உங்களுக்குப் பிடித்த ஸ்கீயை டெமோ பைண்டிங்கோடு வாடகைக்கு எடுத்து, ஒரே சரிவில், ஒரே நாளில், கோட்டிலும் அதற்கு 1 செ.மீ. முன்னும் 1 செ.மீ. பின்னும் ஓட்டிப் பாருங்கள். எத்தனை பேர் கருத்தைப் படித்தாலும் அந்த ஒரு நாளுக்கு ஈடாகாது. ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் முன்னழுத்தம் சரியாக இருக்கிறதா என்று கடைக்காரர் பார்க்க வேண்டும். பின்துண்டு பூட்டைத் தள்ளிப் பிடிக்கும் அந்த அழுத்தம் தவறினால் பைண்டிங் சரியாகக் கழலாது.

தப்பான இடத்துல துளை போட்டாச்சு. மறுபடி போடலாமா?

போடலாம், இடைவெளி இருந்தால். பழைய துளையின் நடுவுக்கும் புதிய துளையின் நடுவுக்கும் இடையே குறைந்தது 1 செ.மீ. வேண்டும் என்பது வழக்கமான அளவு. அதனால்தான் "அரை சென்டிமீட்டர் தள்ளி மாத்திக் கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் தயங்குகிறார். பழைய துளைகளைப் பசையோடு அடைப்பான் வைத்து மூட வேண்டும், இல்லையென்றால் உள்ளே ஈரம் இறங்கி மரம் ஊறிப்போகும். இரண்டு மூன்று முறைக்கு மேல் ஒரே ஸ்கீயில் துளைப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

துளையின் அளவை ஸ்கீயிலேயே அச்சடித்திருப்பார்கள்: உலோகத் தகடு இல்லாததற்குப் பொதுவாக 3.6 மி.மீ. விட்டம், உலோகத் தகடு உள்ளதற்கு 4.1, ஆழம் 9 மி.மீ. இதற்கென்றே உள்ள நிறுத்தத்தோடு கூடிய துரப்பண முனை இல்லாமல் வீட்டில் முயன்றால் அடிப்பரப்பு வரை துளை போய்விடும் அபாயம் உண்டு. துளை இடங்களைக் காட்டும், பைண்டிங் நிறுவனத்தின் அச்சுச்சட்டம் உள்ள கடையில் கொடுத்துவிடுங்கள்.

என் பூட் எந்த பைண்டிங்லயும் மாட்டிக்குமா? பிரேக் அகலம் எப்படிப் பார்க்கறது?

மாட்டிக்கொள்வதுபோலத் தெரிவதும் சரியாகக் கழல்வதும் வேறு வேறு. சாதாரண ஆல்பைன் பூட்டின் அடி ஐ.எஸ்.ஓ. 5355 தரம், நடக்க வசதியாக வளைந்த கிரிப்வாக் அடி ஐ.எஸ்.ஓ. 23223, டூரிங் பூட்டின் அடி ஐ.எஸ்.ஓ. 9523. பழைய ஆல்பைன் பைண்டிங்கில் கிரிப்வாக் பூட் கிளிக் என்று உட்காரும், ஆனால் விழும்போது பக்கவாட்டில் விடுவிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பைண்டிங்கின் மேல் கிரிப்வாக் என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் என்பது கழன்ற ஸ்கீயைப் பனியில் நிறுத்தும் இரு கம்பிகள். அது ஸ்கீயின் இடுப்பைவிடச் சற்று அகலமாக இருக்க வேண்டும், 98 மி.மீ. இடுப்புக்கு 100 அல்லது 110 பிரேக். மிக அதிகமானால் சாய்க்கும்போது பனியில் உரசும்.

டின் எண்ணை நானே வச்சுக்கலாமா?

எவ்வளவு விசையில் பைண்டிங் பூட்டை விடுவிக்கும் என்பதைக் குறிப்பது டின் எண். அதைத் திருகுவது எளிது, எந்த எண் என்பதுதான் கேள்வி. ஐ.எஸ்.ஓ. 11088 அட்டவணை எடை, உயரம், வயது, பூட் அடி நீளம், ஓட்டும் விதம் ஆகியவற்றை வைத்து அதைச் சொல்கிறது. 50 வயது ஆனவர்களுக்கும் 9 வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் ஒரு படி குறையும். கடையில் சோதனைக் கருவியில் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் சரிவுக்குப் போக வேண்டும். நண்பரின் எண்ணை அப்படியே வைப்பதால் முழங்கால் தசைநார் போகலாம். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

ஆல்பைன் பைண்டிங்ல நல்லா இருந்த அதே பூட், ஊசிமுனையால பூட்டைப் பிடிக்கற பின் (pin) பைண்டிங் மாத்தினதும் முன்னாடி தள்ளுது. கோடு தப்பா?

கோடு தப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. காரணம் டெல்டாவாக இருக்கலாம், அதாவது முன்பக்கத்தைவிடக் குதிகால் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்ற அளவு. ஆல்பைன் பைண்டிங்குகளில் இது சில மில்லிமீட்டர்தான். பின் பைண்டிங்குகள் சிலவற்றில் 10 மி.மீ.-ஐத் தாண்டும். 300 மி.மீ. பூட்டில் 5 மி.மீ. வித்தியாசம் வந்தாலே ஏறக்குறைய 1 டிகிரி சாய்வு. உடம்பு அதை உடனே உணரும்.

உணர்ந்தவுடன் பலர் பைண்டிங்கைப் பின்னால் நகர்த்தச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் முனை நீளம்தான் கூடும், சாய்வு அப்படியேதான் இருக்கும். முன்துண்டின் கீழே மெல்லிய தகடு வைத்து உயர்த்தினால் பிரச்சினை அதன் வேரிலேயே தீரும், பழைய துளைகளும் அப்படியே பயன்படும். இரண்டு பைண்டிங்குகளிலும் முன், பின் உயரங்களை அளந்து ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள்.

பழைய ஸ்கீ பைண்டிங்கோட வாங்கினேன். பின்துண்டை மட்டும் நகர்த்தி என் பூட்டுக்குச் சரி பண்ணிட்டேன். போதும்ல?

பூட் உட்காரும், ஆனால் நீங்கள் நிற்கும் இடம் மாறியிருக்கும். இந்த ஸ்கீயை உங்களுக்கு முன்பு வைத்திருந்தவரின் பூட் அடி 315 மி.மீ., உங்களுடையது 295 என்று வையுங்கள். முன்துண்டு அசையவில்லை, அதனால் பூட்டின் முனை அதே இடத்தில் நிற்கிறது. அவருடைய பூட் நடு முனையிலிருந்து 157.5 மி.மீ. பின்னே இருந்தது, உங்களுடையது 147.5. ஆக, நீங்கள் அவரைவிட 1 செ.மீ. முன்னால் நிற்கிறீர்கள். அவர் ஏற்கெனவே கோட்டுக்கு 1 செ.மீ. முன்னால் வைத்திருந்தால் உங்களுக்கு 2 செ.மீ. ஆகிவிட்டது, அது மேலே சொன்ன எல்லை.

பூட்டை மாட்டி, பூட்டின் நடுக்கோட்டுக்கும் ஸ்கீயின் கோட்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். 1 செ.மீ.-க்குள் இருந்தால் அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். தாண்டினால், முன்துண்டும் நகரும் பைண்டிங்கா என்று பாருங்கள், இல்லையென்றால் மறு துளைதான். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு பேரம் பேசுங்கள். பின்துண்டை நகர்த்தியதால் முன்னழுத்தமும் மாறியிருக்கும். முந்தையவரின் டின் எண்ணும் உங்களுக்கு உரியது அல்ல. சரிவில் இறங்கும் முன் இரண்டையும் கடையில் சோதித்து வாங்கிக்கொள்ளுங்கள்.